முகமும் பூச்சும்

நாள் முழுவதும் குப்பிகளின் மேல் ஒட்டிய சீட்டுகளைப் படிப்பதே எங்கள் தொழில். ஆய்வுக்கூடத்தில் பெயர் எழுதாத குப்பியை நாங்கள் தொடவும் மாட்டோம். அப்படிப்பட்ட நான், சீட்டைப் படிக்காமலே ஒரு பொருளை இரண்டு மாதம் முகத்தில் பூசிக்கொண்ட கதையைச் சொல்லப்போகிறேன். சொல்ல வெட்கந்தான். ஆயினும், நம் சங்கத்து நண்பர்கள் சிலருடைய மேசைக்குள்ளும் அத்தகைய குழாய் ஒன்று ஒளிந்திருக்கலாம் அல்லவா?

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தில்லிக்கு வந்தவன் நான். ஊரில் ஆற்றுத் தண்ணீரும் தேங்காய் எண்ணெயும் போதும். இங்கே முதல் மார்கழியிலேயே கன்னமும் உதடும் வெடித்தன. காற்றில் ஈரம் இல்லை. விடுதித் தண்ணீரோ உப்புத் தண்ணீர். அது உடம்பின் குறை. மனத்தின் குறை வேறு. ஒரு நாள் உணவுக்கூடத்தில் ஒருவர் விளையாட்டாக என் நிறத்தைச் சொல்லி என்னை அழைத்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று மாலையே ஒரு மருந்துக் கடைக்குப் போய், "முகம் தெளிய ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டேன். கடைக்காரர் மருத்துவர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. சிறு குழாய் ஒன்றை எடுத்து வைத்தார். நான் இரண்டாக வாங்கினேன். ஒன்று எனக்கு. மற்றொன்றைப் பொங்கலுக்கு ஊர் சென்ற நண்பரிடம் கொடுத்து, கல்லூரியில் படிக்கும் என் தங்கைக்கு அனுப்பினேன். அவளும் என் நிறந்தான்.

பதினைந்தே நாளில் முகம் பளபளத்தது. கண்ணாடி எனக்கு நண்பனாயிற்று. இரண்டு மாதத்தில் குழாய் தீர்ந்தது, பூசுவதை நிறுத்தினேன். சில நாட்களில் முகம் நெருப்பாய் எரிந்தது. பருக்கள் கிளம்பின.

"இரசாயனத்தை நம்பியதுதான் பிழை, இனி இயற்கையே கதி" என்று முடிவு செய்தேன். முல்தானி மண்ணைக் குழைத்துப் பூசினேன். காய்ந்த தோலில் மிச்சமிருந்த எண்ணெய்ப் பசையையும் அது உறிஞ்சிக்கொண்டது. எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் நடந்தேன். தடவிய இடத்தில் கருந்திட்டுகள் விழுந்தன. தோலின் மேற்பரப்பு சற்றே புளிப்பானது, அதன் பி.எச். ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாற்றுக்கோ 2-க்குச் சற்று மேல். ஓர் எண் குறைந்தால் அமிலத் தன்மை பத்து மடங்கு கூடும். அச்சாற்றிலே வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும் பொருள்களும் உண்டு. பி.எச். கணக்கைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான்!

கடைசியில் மருத்துவரிடம் போனேன். காலிக் குழாயைக் கொண்டுவரச் சொன்னார் அந்த அம்மையார். அதில் பொடி எழுத்தில் இருந்த மூன்று பெயர்களையும் உரக்கப் படித்தார்: ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், மொமெட்டசோன்.

"என்ன படிக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"வேதியியல்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதற் பொருள் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் கழுவப் பயன்பட்டது. தோலின் நிறமியைக் குறைக்கும். இரண்டாவது, மேல்தோலை உரிக்கும். மூன்றாவது ஸ்டீராய்டு. அது இரத்த நாளங்களைச் சுருக்கி, தோலின் அழற்சியை அடக்கும். அதனால் முகம் தெளிந்ததுபோல் தோன்றும். நாளடைவில் தோல் மெலியும். திடீரென நிறுத்தினால் சுருங்கிய நாளங்கள் விரிந்து முகம் எரியும். மருத்துவர் சொல்லிச் சில நாள் பூசினால் இவை மருந்து. நாமாக மாதக் கணக்கில் பூசினால் வினை. ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று 2018-இல் அரசு ஆணையிட்டது. ஆணை இருந்தது, கேட்பாரும் இல்லை, கொடுப்பாரும் தயங்கவில்லை.

விடுதிக்குத் திரும்பும்போதுதான் அந்த இரண்டாவது குழாய் நினைவுக்கு வந்தது. நெஞ்சு பதறியது. வழியிலேயே நின்று தங்கையைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அதை நான் திறக்கவே இல்லை, அண்ணே" என்றாள். உயிர் வந்தது. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவளே சொன்னாள்: "ஊரெல்லாம் சொல்லுவதை நீயும் சொல்லிவிட்டாயே என்று அன்றைக்கு அழுதேன்."

என் முகம் எரிந்ததைவிட அந்தச் சொல் அதிகமாய் எரித்தது. குழாயைத் திறக்காமலே அவளைப் புண்படுத்தியிருக்கிறேன். உணவுக்கூடத்தில் எனக்குக் கிடைத்த கேலியையே பணம் கொடுத்து வாங்கி, பரிசு என்று பெயரிட்டு அனுப்பியிருக்கிறேன்.

நண்பர்களே, இயற்கை நல்லது, இரசாயனம் கெட்டது என்று பிரித்துவிட்டால் வேலை எளிது. ஆனால் சேங்கொட்டையும் எருக்கம்பாலும் இயற்கைதான். தோலில் பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதரசம் கலந்த சாதிலிங்கமும் மண்ணில் கிடைப்பதே. பெட்ரோலியத்தில் பிறந்த வாசலினோ, வெடித்த உதட்டுக்குச் சாதுவான காவலன். கையால் செய்த இயற்கைச் சோப்பு என்கிறார்கள். எண்ணெயோடு காஸ்டிக் சோடா சேராமல் கட்டிச் சோப்பு உண்டாவதில்லை. ஆகவே, எங்கே பிறந்தது என்று கேட்பதோடு நில்லாமல், உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எனக்கு எதற்கு என்றும் கேட்க வேண்டும். சீட்டே இல்லாத பொருளைத் தொட வேண்டாம். புதியது எதுவாயினும் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. எனக்கு எதற்கு? வெடிப்பு ஆறுவதற்கென்றால் எண்ணெய் போதும். பிறர் சிரிப்பை நிறுத்துவதற்கென்றால், அதற்குப் பூச்சு இல்லை.

ஆச்சி இப்போது பயத்தமாவு அனுப்புகிறாள். பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள். மொட்டைமாடியில் உலர்த்தி மில்லில் அரைத்தது. உள்ளே என்ன என்று கேட்டால், ஆச்சி விரல் விட்டு எண்ணிச் சொல்லுவாள். குளித்த ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொள்கிறேன். முகம் ஆற ஆறு மாதம் ஆயிற்று. நிறம் பழைய நிறந்தான்.

சென்ற மாதம் வந்த பொட்டலத்தின் மேல் தங்கை ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். பொருள்களின் பெயர்களை வரிசையாக எழுதி, கீழே ஒரு வரி: "படித்துவிட்டுப் பூசவும்."