ஏழு படங்களில் அம்மாவின் கண்

கோயில் தேரோட்டத்தை செல்போனில் பனோரமா எடுக்கும்போது குறுக்கே யாராவது நடந்துபோனால், படத்தில் அவருக்கு மூன்று கால்கள் முளைத்திருக்கும். நாமும் சிரித்துவிட்டு ஸ்டேட்டஸ் வைத்துவிடுவோம். அதே ஒட்டுவேலையை ஒரு கண் மருத்துவமனை கம்ப்யூட்டரில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் இருந்தது என் அம்மாவின் கண்.

அம்மாவுக்குப் பத்து வருடங்களாகச் சர்க்கரை நோய். "இன்னமும் கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோக்குறேன். எனக்கெதுக்குக் கண் டெஸ்ட்டு?" என்று தள்ளிப்போட்டவரை ஒருவழியாக அழைத்துப்போனேன். சொட்டு மருந்து விட்டு, ஒவ்வொரு கண்ணையும் ஏழு கோணங்களில் படமெடுத்தார்கள்.

"ஒரு படம் போதாதா?" என்று கேட்டேன். விழித்திரை என்பது கிண்ணத்தின் உட்புறம்போல வளைந்தது. வழக்கமான கேமரா ஒரு தடவைக்கு 30 முதல் 50 டிகிரி வரைதான் பார்க்கும். அதனால் பார்வையை மேலே, கீழே, பக்கவாட்டில் திருப்பச் சொல்லி, ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் வரும்படி எடுக்கிறார்கள்.

ஒட்டுவதில்தான் சிரமம். வளைவைத் தட்டையாக்கினால் ஓரங்கள் இழுபடும். உலக வரைபடத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறதே, அதைப்போல. உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது! கண்ணில், ரத்தக்குழாய்கள் கிளை பிரியும் இடங்கள்தான் அடையாளம். சாஃப்ட்வேர் இரண்டு படங்களிலும் அதே கிளையைத் தேடிப்பிடித்து, வளைவுக்கேற்பப் படங்களை லேசாக வளைத்துப் பொருத்துகிறது.

சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் ரத்தக்கசிவு, ஆரம்பத்தில் புள்ளி அளவுதான் இருக்கும். படங்கள் சரியாகப் பொருந்தாவிட்டால் ஒரு புள்ளி இரண்டாகத் தெரியலாம், மறைந்தும் போகலாம். அதனால்தானோ என்னவோ, ஒட்டிய படத்தைப் பார்த்த டாக்டர், தனித்தனிப் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

அம்மாவின் வலது கண்ணில், ஓரமாக இரண்டு சிவப்புப் புள்ளிகள். நடுப்பகுதியை மட்டும் படமெடுத்திருந்தால் சிக்கியிருக்காது. "ஆரம்ப நிலைதான். சுகரைக் கட்டுப்பாட்டுல வெச்சுக்கிட்டு, சொல்ற தேதிக்கு வாங்கம்மா" என்றார். ஊசித்துளையைப் பார்ப்பதற்கு விழித்திரையின் நடுவில் உள்ள சிறு பகுதியே போதும். ஓரத்தில் நடப்பதை அது சொல்லாது.

வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருந்தால், பார்வை நன்றாகத் தெரிந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனைக்கு அழைத்துப்போங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாகத் தெரியும், வண்டி ஓட்டக் கூடாது. அதனால் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடவே போங்கள்.