அடியில் ஒரு ஓட்டை

இன்று காலை மொட்டை மாடியில் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நீலப் பேரலின் அடியிலிருந்து டீ நிறத்தில் தண்ணீர் கசிந்து, தளத்தின் வாட்டத்தில் வழிந்து போனது. குவளையைக் கீழே வைத்தேன். அடியில் தண்ணீர் எட்டிப் பார்த்தால் போதும் என்று அர்த்தம். இது என் ஆயா சொல்லிக்கொடுத்த கணக்கு. அவளிடம் இருந்தது பேரல் அல்ல, தார் டிரம்.

சதுரங்கப்பட்டினத்தில், நாங்கள் சட்ராஸ் என்போம், டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டைக்கு மேற்கே ஆயாவின் வீடு. தோட்டம் முழுக்க மணல். ஒரு குடம் ஊற்றினால் அடுத்த நிமிஷம் ஊற்றிய சுவடே இருக்காது. தென்னையும் சவுக்கும் பிழைக்கும். கத்தரியும் கீரையும் பிழைக்காது. ரோடு போட வந்தவர்கள் விட்டுப்போன டிரம்மை ஆயா உருட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே வைக்கோலைத் திணித்துக் கொளுத்தி, ஒட்டியிருந்த தாரைப் போக்கினாள். அப்புறம் கடப்பாறையை எடுத்து அடித்தட்டில் நான்கு ஓட்டை போட்டாள்.

எனக்கு அது விளங்கவேயில்லை. மணலில் தண்ணீர் நிற்கவில்லை என்றுதானே டிரம்? அதிலும் ஓட்டை போட்டால் எப்படி? கேட்டேன். “ஓட்டை இல்லாத டிரம்மு கக்கூஸ் இல்லாத வூடுடா. எத்தினி நாளு இருப்ப?” என்றாள்.

ஓட்டைகளின் மேல் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்தாள். டிரம்மைச் செங்கல் மேல் தூக்கி வைத்தாள். திருக்கழுக்குன்றம் பக்கமிருந்து மாட்டு வண்டியில் வந்த செம்மண், மக்கிய எரு, கொஞ்சம் எங்கள் மணல். ஆடிப்பட்டத்தில் அவரை போட்டாள். கொடி கூரை ஏறியது. கொடியின் காலடியில் முளைக்கீரை. குப்பத்திலிருந்து மீன் விற்க வருபவர்கள் அதைப் பார்த்துவிட்டு, மீன் கழுவிய தண்ணீரை அங்கேயே ஊற்றிப் போவார்கள். இப்போது மீன் கழிவில் வெல்லம் போட்டுப் புளிக்கவைத்து, மீன் அமிலம் என்று பாட்டிலில் விற்கிறார்கள். அந்தப் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஆயாவின் வாசல்தான்.

பள்ளியிலிருந்து மாமல்லபுரம் கூட்டிப்போனார்கள். குன்றின் மேல் பாறையைக் குடைந்து செய்த வட்டத் தொட்டி ஒன்று உண்டு. திரௌபதி குளித்தது என்பார் ஒரு வழிகாட்டி, கோபியர் தயிர் கடைந்தது என்பார் இன்னொருவர். எல்லோரும் வெண்ணெய் உருண்டைக் கல்லைத் தள்ளிக்கொண்டிருக்க, நான் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: “தண்ணி நிக்குதா?” “பாசி புடிச்சு நிக்குது.” “அப்ப செடிக்கு ஆவாது.” பல்லவர் கைவேலைக்கு ஆயாவின் தீர்ப்பு அவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் உள்ளே வந்தபோது நான் செங்கல்பட்டில் இருந்தேன். ஆயாவின் தோட்டத்தில் முழங்கால் அளவுக்கு நின்று வடிந்ததாம். நான் போனபோது கிணற்று நீர் வாயில் வைக்க முடியாத கரிப்பு. தரையில் இருந்ததெல்லாம் கருகியிருந்தது. உப்பேறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் அதை இழுக்க முடியாது. தண்ணீரில் நின்றபடியே செடி தாகத்தில் சாகும். இடுப்புயர டிரம்மில் மட்டும் கீரை பச்சையாக இருந்தது. லாரித் தண்ணீரில் அரிசி கழுவி, அந்தத் தண்ணீரை அதற்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் கீரைக்கு வந்தவர்கள் யாரிடமும் அவள் காசு வாங்கவில்லை.

அதே அலைதான் மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் மணலை அரித்து, கல்வெட்டு ஒன்றை வெளியே காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு தோண்டியவர்கள் 2005-ல் செங்கல்லால் கட்டிய முருகன் கோயிலைக் கண்டெடுத்தார்கள். எங்கள் தோட்டத்தில் அலை காட்டிக்கொடுத்தது உப்பைத்தான். அந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகையில் பேய் மழை. மணல் மழையைக் குடித்து, உப்பைக் கீழே இறக்கிவிட்டது. அடுத்த ஆடிக்குத் தரையிலேயே பூசணி ஓடியது. நாகப்பட்டினம் பக்கம் வயல்கள் இவ்வளவு சுலபமாக விடவில்லை. அங்கே இயற்கை வேளாண்மை பேசிய நம்மாழ்வாரும் உழவர்களும் தக்கைப்பூண்டு விதைத்து, மடக்கி உழுது மண்ணை மீட்க வேண்டியிருந்தது. தண்ணீர் நிற்கவில்லையே என்று ஆயா திட்டிய மணல்தான் அவளைக் காப்பாற்றியது. அதற்கு அடியெல்லாம் ஓட்டை.

செங்கல்பட்டு மாடிக்கு வந்தபின் இதையெல்லாம் நானும் மறந்தேன். 2021-ல் தோட்டக்கலைத் துறை 900 ரூபாய் மாடித்தோட்டத் தளையை மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்தது. ஆறு பைகள், தென்னைநார்க் கழிவுக் கட்டிகள், விதை, உயிர் உரம். நன்றாகத்தான் வந்தது. ஆசை பெருகி, காயலான் கடையில் 200 லிட்டர் பேரல் வாங்கினேன். “சோப்புத் தண்ணி வந்த பேரல் சார்” என்றார் கடைக்காரர். எது வந்ததோ, மூன்று முறை கழுவியும் வாடை போகவில்லை. நட்ட தக்காளி பத்தாம் நாள் சுருண்டது. அடுத்ததை ஊறுகாய் வந்த பேரலாகப் பார்த்து வாங்கினேன். அதில் இன்னொரு தப்பு: தளம் நனையக்கூடாது என்று ஓட்டை போடவில்லை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. இரண்டே மாதத்தில் மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு. இலை நுனியெல்லாம் தீய்ந்தது. கட்டிடத்தின் நாலாம் மாடியில் ஒரு குட்டிச் சுனாமி.

கம்பியைக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டேன். நார்க் கழிவிலும் உப்பு இருக்கும் என்பதால் இப்போது மூன்று தண்ணீரில் அலசித்தான் கலக்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பிடித்து வைத்த மழைத் தண்ணீரை அடிவழியே ஓடும்வரை ஊற்றுகிறேன். ஈர மண் நிறைந்த பேரல் கால் டன்னுக்கு மேல் கனக்கும். அதனால் உத்தரத்தை ஒட்டி, சுவரோரமாக வைத்திருக்கிறேன். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தபோது பைகள் பக்கத்து மாடிக்குப் போய்விட்டன. பேரல் அசையவில்லை.

சட்ராஸ் டிரம் இப்போது இல்லை. கடைசி வருஷங்களில் ஆயா அதில் ஒரு முருங்கைப் போத்தை நட்டாள். உப்புக் காற்று தகரத்தைத் தின்றது. வேர் ஓட்டை வழியாக மணலுக்கு இறங்கிவிட்டது. ஆயா போய்விட்டாள். மரம் நிற்கிறது. அதன் தூரைச் சுற்றித் துருப்பிடித்த வளையம் ஒன்று, மெட்டி மாதிரி.

பேரலில் என்ன போடலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கத்தரியா, அவரையா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அடியில் நான்கு ஓட்டை போடுங்கள்.