கடைசியாக யார் தொட்டது?

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். நேற்றுவரை டேலி ஆன டிரையல் பேலன்ஸ் இன்றைக்கு இடிக்கிறது என்றால், ஏப்ரல் மாதத்திலிருந்து புரட்டிக்கொண்டிருக்க மாட்டோம். இன்றைக்குப் போட்ட என்ட்ரிகளைத்தான் முதலில் பார்ப்போம். ரிப்பேருக்குப் போய்விட்டு வந்து உயிரை விடுகிற சாமான்களுக்கும் இதே சூத்திரம்தான். ஆனால், நாம் என்ன செய்கிறோம்? ‘பழசு சார், அவ்வளவுதான் ஆயுசு’ என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

என் அக்கா மகன் உத்திரமேரூரில் இருக்கிறான். ஒரகடத்தில் வேலை. அவனிடம் ஒரு நின்டெண்டோ டிஎஸ் லைட் உண்டு. புத்தகம்போல மடிகிற, இரண்டு திரை வைத்த கையடக்க வீடியோ கேம். 2006-ல் வந்த மாடல். மறு வருஷம் துபாயிலிருந்து லீவில் வந்த அவன் அப்பா வாங்கி வந்தது. மேல் திரை விரிசல் விட்டதால், வெளியூர்க் கடை ஒன்றில் மாற்றக் கொடுத்தான். கொடுக்கும்போது ஆன் ஆனது. திரும்பி வரும்போது பிணம். ‘‘போர்டு போயிடுச்சு தம்பி, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்க’’ என்றார்களாம்.

‘‘வாங்கலாம் மாமா. ஆனா, அதுல அப்பா பேர் இருக்கு. முதல்ல ஆன் பண்ணி அவர்தான் டைப் பண்ணார்’’ என்றான் போனில்.

அவர் 2021-ல் கொரோனாவில் போய்விட்டார். எத்தனை லெவல் ஜெயித்தோம் என்பதெல்லாம் விளையாட்டு கேசட்டில் பதிவாகும். வேறு மெஷினில் செருகினாலும் வரும். சொந்தக்காரர் பெயர் மட்டும் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒன்று தூங்கலாம். எனவே, கேளுங்கள். ஆன் செய்ததும் பச்சை விளக்கு ஒரு கணம் மின்னி, ஸ்பீக்கரில் ‘டப்’ என்று சத்தம் வந்து அணைகிறதா? சந்தோஷப்படுங்கள், உயிர் இருக்கிறது. திரைக்குப் போகிற ரிப்பன் கேபிள் சரியாக உட்காரவில்லை, அல்லது கிழிந்திருக்கிறது. எதுவுமே மின்னவில்லை என்றால் முதலில் ஃப்யூஸைச் சந்தேகப்படுங்கள். இதில் எஃப்1, எஃப்2 என்று இரண்டு. ஒன்று சார்ஜர் பாதையில், இன்னொன்று பேட்டரி பாதையில். கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். பேட்டரியைக் கழற்றாமல் உள்ளே வேலை பார்க்கும்போது ஸ்க்ரூ டிரைவர் ஒரு இடத்தில் இடறினால் போதும், போய்விடும். போர்டைக் காப்பாற்றத்தான் அது போகிறது! மல்டிமீட்டரை ‘பீப்’ சத்தத்தில் வைத்து இரண்டு முனையிலும் தொட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிஷத்தைச் செலவழிக்காமல்தான் ‘போர்டு போச்சு’ என்கிறார்கள்.

ஃப்யூஸ் இருந்த இடத்தில் ஒரு சொட்டு ஈயத்தை வைத்து இணைத்துவிடுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. ஓடும். ஆனால், வீட்டு ஃப்யூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றுகிற அதே புத்திதான் இது. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி என்பதை மறக்காதீர்கள்.

‘‘பேட்டரியை எடுத்துட்டுத்தான் திரையை மாத்தினீங்களான்னு கடையில கேட்டியா?’’ என்றேன். ‘‘எப்படி மாமா கேக்கறது?’’ என்றான். இவன் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 919, 921. குடவோலைத் தேர்தலுக்கான விதிகள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய சொந்தக்காரர்களும் முடியாது. அந்த ஊர்ப் பையனுக்குக் கணக்குக் கேட்கக் கூச்சம்!

கடைசியில் உள்ளூர் டி.வி. மெக்கானிக் ஒரு பெரியவர் மீட்டர் வைத்தார். சார்ஜர் ஃப்யூஸ் பீப் அடித்தது. பேட்டரி ஃப்யூஸ் ஊமை. ரிச்சி தெருவில் அதே அளவு ஃப்யூஸ் வாங்கி அனுப்பினேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பற்றவைத்துக் கொடுத்தார் பெரியவர்.

ராத்திரி பத்து மணிக்கு போன். ‘‘ஆன் ஆயிடுச்சு மாமா. தேதி மட்டும் 2000, ஜனவரி 1-னு காட்டுது.’’

பேட்டரி ரொம்ப நாள் இல்லாவிட்டால் கடிகாரம் அங்கே போய்விடும், மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.

‘‘பேர்?’’

‘‘அப்படியே இருக்கு.’’