துயிலெழ மறுத்த கணினி

வீட்டுக் கணினி பழுதுற்ற கதையை யூபிலி மலரில் எழுதுதல் தகுமோ எனப் பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். அதனுள் இருந்தது யாதென அறிந்தால் அவ்வாறு வினவார். 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் வன்னி மக்கள் வீட்டோடு ஏட்டையும் இழந்தனர். நான் கண்டிருந்த கோவலன் கூத்துக் கொப்பிகளும் அவ்வாறே போயின. பின்னர் முதிய அண்ணாவிமார் நினைவிலிருந்து பாடியவற்றை ஒலிப்பதிவு செய்து கணினியிற் சேர்த்தேன். பாடியோருள் இருவர் இன்று நம்மிடையே இல்லை.

அக்கணினியில் உபுண்டு, விண்டோஸ் என இரு பணிசெயல் முறைமைகள் உண்டு. மகனின் படிப்புக்காக விண்டோசை மீள நிறுவுமாறு கடையொன்றிற் கொடுத்தோம். திரும்பி வந்த கணினி விண்டோசை மட்டுமே காட்டிற்று. பதிவுகள் இருந்த உபுண்டுவைக் காணவில்லை. கடைக்காரரை வினவினேன். "அதெல்லாம் அழிஞ்சிருக்கும், சேர். போர்மற் செய்து விடுவம்" என்றார். அதற்கு நான் உடன்படவில்லை.

உண்மையில் அழிந்தது மிகச் சிறிது. எம்முடையதைப் போன்ற பழைய கணினி, மின்விசை பெற்றதும் வன்தட்டின் முதற் கூறாகிய 512 பைட்டுகளைப் படிக்கும். அதில் 446 பைட்டுக்குள் அடங்கும் சிறு கட்டளைத்தொடரே மேற்செல்லும் வழியைக் காட்டுவது. பூட்லோடர் என்பதன் வாயில் அதுவே. உபுண்டுவில் இப்பணி செய்வது குரப்; 1995இல் எரிக் போலின் என்பார் ஆக்கத் தொடங்கியது. விண்டோசை நிறுவுங்கால் அது அம்முதற் கூற்றில் தன் கட்டளையை எழுதிவிடும். வேறெவரும் குடியிருக்கின்றனரா எனக் கேட்கும் வழக்கம் அதற்கில்லை. கூத்து மொழியிற் சொன்னால், வாயிலோன் மாறினான், அரண்மனை இடியவில்லை.

பென் டிரைவில் இருந்த உபுண்டுவைக் கொண்டு கணினியைத் தொடக்கினேன். வன்தட்டைத் திறந்ததும் ஒலிக்கோப்புகள் வரிசையாய் நின்றன! பழுதுபார்க்குமுன் அவற்றை வேறொரு தட்டிற் படியெடுத்தேன். மாணவர் இவ்வொழுங்கை மாற்றலாகாது. பின்பு உபுண்டு இருந்த பகுதியை இணைத்து, குரப்பை மீள நிறுவும் கட்டளையை இட்டேன். இங்கே பகுதியின் பெயரையன்றித் தட்டின் பெயரையே தரல் வேண்டும்; முதற் கூறு முழுத் தட்டுக்கும் உரியதன்றோ? கட்டளை ஒரு வரி. நிறைவேற ஒரு நிமிடமும் ஆகவில்லை.

உபுண்டு எழுந்தது. ஆயின், இம்முறை பட்டியலில் விண்டோஸ் இல்லை! 2021இல் வெளிவந்த குரப் 2.06 முதலாகப் பிற முறைமைகளைத் தேடுதல் இயல்பாக நிறுத்தப்பட்டுள்ளது. அமைப்புக் கோப்பில் அதனை அனுமதித்துப் பட்டியலைப் புதுப்பித்தேன்; இரண்டும் தோன்றின. மகன் தன் பாடத்தை முடித்து எழுந்தபின், அண்ணாவியார் ஒருவரின் பதிவை மத்தள அடி முதல் மங்களம் வரை இருந்து கேட்டேன்.