டிஸ்க்குக்குப் பின்னால் ஒரு தகரம்

கார் சக்கரத்தைக் கழற்றினால் கண்ணில் படுவது பிரேக் டிஸ்க். அதன் பின்னால், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனில், கருப்பு அடித்த தகரம் ஒன்று சின்னச் சின்ன போல்ட்டுகளில் நிற்கும். அதற்குப் பெயர் டஸ்ட் ஷீல்டு. கோவை கணபதியில் ஒரு பட்டறைக்கு நான் போனது இதைப் பார்க்கத்தான் என்றதும் மாஸ்டர் சிரித்துவிட்டார். "எல்லாரும் இன்ஜினைப் பார்க்க வருவாங்க. நீங்க தகரத்தைப் பார்க்க வந்திருக்கீங்களாக்கும்!"

வண்டியைப் பிரித்து மாற்றிக் கட்டும் வேலை கோவைக்குப் பழக்கப்பட்டது. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவர்தன் இந்த ஊர்க்காரர். 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையம் பந்தயத் தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. மாஸ்டரும் பந்தய வண்டிகளில் கை பழகியவர்.

அன்று லிஃப்ட்டில் நின்றது ஒரு ஃபோக்ஸ்வாகன் போலோ. முன்பக்க 256 மி.மீ. டிஸ்க்கை எடுத்துவிட்டு 288 மி.மீ. போடுகிறார்கள். வண்டிக்காரர் அடிக்கடி வால்பாறை போகிறவர். ஆழியாறு பக்கம் இறங்கும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். மிதித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சாக அமுங்கும். பெரிய டிஸ்க் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். அதே மிதிக்குச் சற்றுக் கூடுதலாகவும் பிடிக்கும். (இரண்டாம் கியரில் இறங்கினாலே பாதித் தொல்லை தீரும் என்பது வேறு கதை.)

புது டிஸ்க் எல்லாப் பக்கமும் 16 மி.மீ. வெளியே வருகிறது. ஷீல்டின் ஓரம் டிஸ்க்கைச் சுற்றி மடங்கியிருக்கும். அந்த மடிப்பில்தான் இடிக்கிறது. முழு ஷீல்டையும் கழற்றலாமே என்றால், பல வண்டிகளில் சக்கரம் பொருந்தும் ஹப்பைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்தால்தான் அது வெளியே வரும். பேரிங்கும் அதோடு போகும். அதனால் நின்ற இடத்திலேயே வெட்டு.

இருபது வயதிருக்கும் ஒரு பையன் டிஸ்க்கை ஹப்பில் வைத்துப் பார்த்து, இடிக்கும் இடத்தைச் சாக்கட்டியால் கோடு போட்டான். கிரைண்டர் பக்கத்திலேயே கிடந்தது. கை அதற்குப் போகவில்லை. தகரம் வெட்டும் கத்தரியை எடுத்தான். "கிரைண்டர்ல சீக்கிரம் முடியுங்க. ஆனா இரும்புத்தூள் பறந்து ஏபிஎஸ் சென்சார்ல ஒட்டிக்கும். அது காந்தமுங்க." கொஞ்சம் வெட்டுவது, டிஸ்க்கை மாட்டிச் சுற்றுவது, மறுபடி வெட்டுவது. காலிப்பர் உட்காரும் இடத்தில் மட்டும் கூடுதலாக ஒரு வாய் வெட்டினான். அரத்தால் பிசிறு எடுத்து, வெட்டின விளிம்புக்கு ரெட் ஆக்சைடு அடித்து, அது காய்ந்த பிறகு கருப்பு. அந்தப் பெயின்ட் இல்லாவிட்டால் மழைக்காலத்தில் வெட்டுவாயிலிருந்தே துரு ஏறும்.

கடைசியில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, கையால் டிஸ்க்கைச் சுற்றினான். "லேசா உரசுதுங்ணா" என்றான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டர் குனிந்து காது கொடுத்துவிட்டு, தகரத்தைக் கட்டைவிரலால் உள்பக்கம் தள்ளினார். சத்தம் நின்றது.

மாஸ்டரின் பந்தய வண்டிகளில் ஷீல்டே கிடையாது. அந்த இடத்தில் பம்பரிலிருந்து காற்றுக் குழாய் வருகிறது. ரோட்டு வண்டிக்கு மட்டும் ஏன் இத்தனை பாடு?

"ரேஸ் வண்டியை ஓட்டம் முடிஞ்சா பிரிச்சுப் பார்த்துருவோம். இது சேத்துல போவும், ஜல்லியில போவும், ஆறு மாசத்துக்கு ஒருத்தரும் சக்கரத்தைக் கழட்ட மாட்டாங்க." சேறும் கல்லும் டிஸ்க்கின் உள்முகத்தைக் கீறாமல் தடுப்பது ஒரு வேலை. டிஸ்க்கின் அனல் பக்கத்திலிருக்கும் பால் ஜாயின்ட் ரப்பரைச் சுடாமல் மறைப்பது இன்னொன்று. ஷீல்டு இருந்தால் காற்று போகாது என்பார்கள். ஆனால் நடுவில் இடைவெளி உள்ள டிஸ்க் காற்றை மையத்திலிருந்து இழுத்து ஓரத்தில் தள்ளுகிறது. ஓரத்து மடிப்பு போனதால் அந்தக் காற்று வெளியேற வழி கிடைக்கிறது. தகரத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றால் மறைப்பும் கிடைக்கிறது. எனக்கு இந்தக் கணக்குச் சரியாகப் படுகிறது.

பெரிய பிரேக் மாட்டப்போகிறவர்கள் டிஸ்க், காலிப்பர் விலையோடு இதையும் விசாரியுங்கள்: "ஷீல்டை என்ன பண்ணுவீங்க?" ரோட்டில் ஓடும் வண்டிக்கு, "பிச்சுப் போட்டுரலாம்" என்று பதில் வந்தால் வேறு பட்டறை பாருங்கள்.