பத்துக்குப் பத்து

இதை எழுத நெடுநாள் தயங்கினேன். இதில் பிழை செய்தவன் நானே என்பதுதான் காரணம்.

முதுகலை மொழியியல் முடித்த ஆண்டில், தமிழ்நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சிறுகடன் நிறுவனத்தின் கிளை ஊழியர்களுக்கு இணையவழிப் பாடம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். பொருள், இணைய நிதி மோசடி. நாற்பது ஸ்லைடுகள், மோசடியின் வகைகள், வரையறைகள், சட்டப் பிரிவுகள், முடிவில் பத்து வினாக்கள். அதியன்னூரில் எங்கள் அடுத்த வீட்டில் வசிக்கும் சித்தி, அந்நிறுவனத்தின் எல்லையோரக் கிளையொன்றில் பணியாற்றுகிறார். அவரும் அத்தேர்வை எழுதினார். பத்துக்குப் பத்து.

இரண்டு மாதங்களுக்குப் பின், ஒரு முற்பகலில் முதியவர் ஒருவர் பதற்றத்துடன் அக்கிளைக்கு வந்தார். தொலைபேசியில் யாரோ கேட்க, ஓடிபி எண்ணைச் சொல்லியிருக்கிறார். வங்கிக் கணக்கிலிருந்த பணம் போய்விட்டது. சித்தி அவரை அமரவைத்து, நடந்ததை ஒரு தாளில் எழுதி வாங்கித் தலைமையகத்துக்கு அனுப்பினார். 1930 என்னும் உதவி எண்ணை அழைத்திருக்க வேண்டும் என்பது மாலையில்தான் அவர் நினைவுக்கு வந்தது. பறிபோன பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறி வெளியே எடுக்கப்படும் முன் அதை முடக்க முயல்வதற்கே அந்த எண். ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. முதியவருக்குப் பணம் திரும்பவில்லை.

அன்றிரவு சித்தி சொன்னார்: “மக்கா, நீ எழுதுனது நல்ல தமிழுதான். ஆனா ஆளு வந்து முன்னால நிக்கும்போ நான் முதல்ல என்ன செய்யணும்னு அதுல எங்க இருந்துது?”

தேடிப் பார்த்தேன். 31ஆம் ஸ்லைடில், ‘நிகழ்வு அறிக்கையிடலுக்கான வழிமுறைகள்’ என்ற தலைப்பின் கீழ், நான்காம் வரியில் இருந்தது.

அத்தலைப்பில் ஒரு வினைமுற்றுகூட இல்லை. பாடம் முழுவதும் அப்படித்தான், பெயர்ச்சொற்களாலேயே கட்டியிருந்தேன். ஊழியரின் வேலையோ வினைச்சொற்களால் ஆனது: அழை, கேள், குறித்துக்கொள், அனுப்பு. மேலும், 1956இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. சித்தி வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படித்தது மலையாளம். எழுத்துத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். பேச்சுக்கும் எழுத்துக்கும் வேறு வேறு வடிவம் கொண்ட இரட்டை வழக்கு பற்றி சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரையை நான் தேர்வுக்குப் படித்தவன். பாடம் எழுத அமர்ந்தபோது அது நினைவில் எழவில்லை. எனக்கும் அதில் பத்துக்குப் பத்துதான்.

2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். பாடம் முடிந்தவுடன் வைக்கும் தேர்வு அந்த ஐந்து நிமிட நினைவையே அளக்கிறது. முதியவர் வந்தது இரண்டு மாதங்கள் கழித்து.

பாடத்தைத் திருத்தி எழுதினேன். முதல் திரையில் இப்போது ஒருவர் பதறி நிற்கிறார். ‘முதலில் என்ன செய்வீர்கள்?’ என்பதே முதல் வரி. ஒவ்வொரு பகுதியும் நான்கு நிமிடம். குரல் பேச்சுத் தமிழில். எழுத்து, ஊழியர் தேர்ந்துகொள்வதற்கேற்பத் தமிழிலோ மலையாளத்திலோ. ஒரு வாரம் கழித்தும், மறுபடி ஒரு மாதம் கழித்தும், அதே நெருக்கடி வேறு ஆள், வேறு சூழல் எனக் கைப்பேசிக்கு வரும். வரையறைகளும் சட்டப் பிரிவுகளும் வேண்டுவோர்க்குப் பின்னிணைப்பில் உள்ளன.

அனுப்புமுன் சித்தியிடம் காட்டினேன். இரண்டு இடங்களில் நிறுத்தி, “இது புரியல்ல” என்றார். அவ்விரண்டையும் மாற்றிய பிறகே அனுப்பினேன்.

பயிற்சிப் பாடம் வடிவமைக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு கிளைக்குச் சென்று, முன்னால் நிற்கும் மனிதருக்கு அங்குள்ளவர் முதலில் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.