சொல்லில்லாத ஒரு பெயர்

மனிதருக்குப் பெயர் உண்டு. ஊருக்கும் பெயர் உண்டு. வானொலி நிலையத்திற்கோ பெயரோடு ஓர் இசையும் உண்டு. சொல் ஒன்றும் இல்லாத அந்தச் சிறிய இசையைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

அந்நாள் வானொலிப் பெட்டியில் திருகைத் திருப்பித் திருப்பித்தான் நிலையத்தைத் தேட வேண்டும். எங்கள் காரைக்குடியில் 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையமும் கேட்கும், கடல் கடந்து இலங்கை வானொலியும் கேட்கும். இரைச்சலுக்கு நடுவே, "நான் இங்கே இருக்கிறேன்" என்று நேயரை அழைப்பது அந்த அடையாள இசைதான். எங்கள் அப்பத்தாவுக்கு அதுவே கடிகாரம். "ரேடியோ கூவிருச்சு, எந்திரிங்கடி" என்று பிள்ளைகளை எழுப்புவார்களாம்.

சென்ற ஆண்டு, பள்ளியின் காலை அறிவிப்புக்கு முன்னால் ஒலிக்கப் பத்து நொடி இசை ஒன்றை அமைக்கும்படி பாட்டு டீச்சர் எங்கள் நால்வரிடம் சொன்னார்கள். பத்து நொடிதானே என்று எண்ணினோம். ஆனால் வீணைக்கு ஒரு வரி, வயலினுக்கு ஒரு வரி, மிருதங்கத்திற்கு ஒரு முத்தாய்ப்பு என்று சேர்த்தபோது ஒரு நிமிடத்தைத் தாண்டிவிட்டது! குறைக்கக் குறைக்க, என் தோழி இரண்டு வாரம் பழகிய வீணை வரியும் போயிற்று. எஞ்சியவை அவள் மீட்டும் நான்கே சுரங்கள்.

"இதை யார் போட்டார்கள் என்று யாருக்கு டீச்சர் தெரியப்போகிறது?" என்று கண் கலங்கக் கேட்டாள் அவள்.

அதற்கு டீச்சர் ஒரு வரலாற்றைச் சொன்னார்கள். அகில இந்திய வானொலியின் அடையாள இசையை 1936-இல் அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்பர். 1907-இல் கார்ல்ஸ்பாட் நகரில் பிறந்த யூதர் அவர். ஹிட்லரின் கொடுமை பரவிய காலத்தில், 1934-இல் பம்பாய் வந்து சேர்ந்தார். அந்நிய மண்ணின் இசையைக் காது கொடுத்துக் கற்றார். ஐந்தே சுரங்கள் கொண்ட சிவரஞ்சனி ராகத்தின் சாயலில், தம்பூராவின் சுருதிமீது வயலின் இழையும்படி அந்த இசை அமைந்தது. 1946-இல் அவர் இந்தியாவை விட்டுச் சென்றார். ஆனால் நம் இசை அவரை விடவில்லை. தென்னிந்திய ராகங்களைப் பற்றிய அவருடைய நூல் 1976-இல் வெளிவந்தது. 1984-இல் அமெரிக்காவில் காலமானார்.

எத்தனை கோடிப் பேர் அவருடைய இசையைக் கேட்டு விழித்திருப்பார்கள்! அவர்களுள் அவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

என் தோழி பதில் ஒன்றும் சொல்லவில்லை. வீணையை எடுத்து, அந்த நான்கு சுரங்களையும் ஒவ்வொன்றாக, நின்று நிதானமாக மீட்டினாள். முன்னிருந்த நீண்ட வரியைவிட அது நன்றாயிருந்தது.

அன்புத் தோழியரே! நீளமாகப் பேசுவது எளிது. சுருங்கச் சொல்லி நெஞ்சில் நிற்பதே அரிது. காலை மணிக்குப் பின் அந்தப் பத்து நொடி ஒலிக்கும்போது, சற்றே செவி சாயுங்கள். அதில் எங்கள் நால்வரின் பெயரும் இருக்கிறது.